அழகிக்குத் துணை யார்?

போன வாரம் புவனாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். நானும்தான் ஆடினேன். கீரமங்கலத்துப் பூக்காட்டிலிருந்து கிளம்பிப் போய், மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண், மாணவர் ஆராய்ச்சி மாநாட்டில் முதல் பரிசு வாங்கினால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? இந்த வாரம் அவளைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் வேகமாகவே இறக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பரிசு எதற்கு? கர்ப்பப்பை இறங்கிப்போன பெண்கள் அதை ஏன் வருடக்கணக்கில் வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு, கட்டுரை எழுதியிருந்தாள். மேடையில் தமிழிலேயே பேசினாள்.

“இது வெட்கப்படுகிற நோய் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு வருகிற சிரமம். மறைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்குக்கூட இவர்கள் சொல்வதில்லை” என்றாள். அந்த இடத்தில் கைதட்டல் பலமாக விழுந்தது.

அந்த வீடியோவைத் தம்பி வசந்த் போனில் போட்டு அம்மா அழகியிடம் காட்டினான். திரும்பப் போடு, திரும்பப் போடு என்று அழகி கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் பேசுகிற அழகில் அம்மா மயங்கிவிட்டாள் என்று அவன் நினைத்தான். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

அதற்குப் பிறகு அழகி என்ன செய்தாள் என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். புருஷன் பிச்சையிடம், “சொர்ணவல்லி வீட்டுல காதுகுத்து. கூடமாட இருந்துட்டு வாரேன்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, தங்கை சொர்ணவல்லியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். மகள் படிக்கிற கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கேதான்.

மாட்டிக்கொள்ள மாட்டாளா என்று கேட்கிறீர்கள். அதற்கும் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். “இந்த மாசம் பூரா எனக்குக் குழந்தைங்க வார்டும்மா” என்று புவனா போனில் சொல்லியிருந்தாள். குழந்தைகள் வார்டு ஒரு கட்டடம், பெண்கள் வார்டு இன்னொரு கட்டடம். மகள் அங்கிட்டு இருக்கும்போது நாம் இங்கிட்டு வைத்தியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்பது அழகியின் திட்டம். சாயங்காலம் மகள் போன் பண்ணும்போது, வீட்டில் இருப்பது போலவே பேசினாள். “என்னம்மா பின்னால ஒரே சத்தமா இருக்கு?” என்று புவனா கேட்டதற்கு, “டிவி ஓடுது” என்றாள்.

திங்கட்கிழமை கல்லூரியில் முறையை மாற்றிவிட்டார்கள். புவனாவின் குழுவைப் பெண்கள் வார்டுக்குப் போகச் சொன்னார்கள். அதைப் போய் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று புவனாவுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பேராசிரியர் மீனாக்ஷி முன்னால் நடக்க, வெள்ளைக் கோட்டு மாணவர்கள் பின்னால் போனார்கள். மீனாக்ஷி திருமயம் பக்கத்துக்காரர். வெடுக்கென்று பேசுவார், நோயாளியைத் தொடும்போது மட்டும் கை மெதுவாகிவிடும்.

“இன்னைக்கு நல்ல கேஸ் ஒண்ணு இருக்கு. புவனேஸ்வரி, உன்னோட சப்ஜெக்ட்தான்” என்றார்.

புவனா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் நைட்டியும் அதன் மேல் துண்டுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா நைட்டி போட்டு அவள் பார்த்ததே இல்லை. அதனால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது.

அழகியும் பார்த்தாள். கண்ணை அகல விரித்தவள், வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாதான் வேண்டாம் என்று தலையாட்டினாள் என்று புவனா அன்றைக்குப் பூராவும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். ஆனால் அந்தத் தலை அசைவதற்கு முன்பே அவள் ஓரடி பின்னால் போய், கூடப் படிக்கிற ஜஸ்டினின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அதுவும் உண்மை.

ஜஸ்டின் ஆவூர்க்காரன். நோயாளிகளிடம் தன்மையாகப் பேசுவான் என்று அவனைத்தான் விசாரிக்கச் சொன்னார் மீனாக்ஷி.

“வணக்கம்மா. என் பேரு ஜஸ்டின். கொஞ்சம் விவரம் கேக்கலாமா?”

“கேளுங்க தம்பி.”

“எதுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?”

அழகி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அடியில எறங்கி வருதுங்க.”

“எவ்வளவு காலமா?”

“சின்னவன் பொறந்ததுல இருந்து. அவனுக்கு இப்பப் பதினாறு.”

ஜஸ்டின் முதுகுக்குப் பின்னால் நின்ற புவனாவுக்கு, வீட்டில் கிடந்த கந்தல் துணிகள் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. அம்மா பழைய சேலைத் துணிகளைக் கிழித்துத் துவைத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், மற்றத் துணிகளுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். இந்தக் கந்தலை எல்லாம் எதுக்கும்மா சேத்து வெக்கிற, தூக்கிப் போடேன் என்று புவனா எரிந்து விழுந்திருக்கிறாள். ஒரு தடவை அவளே எடுத்துத் தூக்கியும் போட்டிருக்கிறாள்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“பூக்காடுங்க. மல்லி, முல்லை. குனிஞ்சேதான் எடுக்கணும். எடுத்ததக் கூடையில சொமந்து ரோட்டுக்குக் கொண்டாரணும்.”

“எத்தனை பிள்ளைங்க?”

“ரெண்டுங்க. மூத்தது பொண்ணு.”

“என்ன பண்றாங்க?”

“படிக்கிது. வெளியூர்ல.”

“இத்தனை வருஷமா ஏம்மா வரல?”

“சொல்ற எடமா தம்பி அது?”

பின்வரிசையில் எவனோ ஒருவன் சிரித்துவிட்டான். மீனாக்ஷி திரும்பி முறைத்ததும் அடங்கினான்.

“அப்புறம் இப்ப எப்படி வந்தீங்க?”

“போன்ல ஒரு புள்ள பேசுச்சு. வெக்கப்படுற நோவு இல்ல, வாங்கன்னு சொல்லுச்சு. அது சொன்னதக் கேட்டுத்தான் ஒரு தைரியம் வந்துச்சு.”

மீனாக்ஷிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா புவனேஸ்வரி! உன் வீடியோதான் போல இருக்கு. ஏன் பின்னால ஒளியிற? முன்னால வா.” மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் மெல்லக் கைகூடத் தட்டினார்கள். “அந்தப் பொண்ணு இவதாம்மா” என்று அழகியிடம் காட்டினார்.

அழகி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “அப்படீங்களா? நல்லா இருங்க தாயி” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இது எங்கம்மா என்று இரண்டு வார்த்தை. புவனாவுக்கு வாய் வரவில்லை. பூக்காட்டுக்காரி மகள் என்று சொல்லிக்கொள்ள அவள் என்றைக்குமே கூச்சப்பட்டதில்லை. ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும். அவளைக் கூச வைத்தது அந்த நோய். எந்த நோய்க்கு வெட்கப்படாதீர்கள் என்று மேடையேறிச் சொல்லிப் பரிசு வாங்கினாளோ, அதே நோய்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். “பசங்க வெளிய நில்லுங்க. பொண்ணுங்க மட்டும் உள்ள வாங்க” என்றார் மீனாக்ஷி. அழகியிடம் குனிந்து, “இவங்க பாக்கலாமாம்மா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. ஒண்ணும் கட்டாயம் இல்லை” என்றார்.

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களோ, கேட்டால் உண்மை வாய் தவறி வந்துவிடுமோ என்று அழகி பயந்தாள். “பாக்கட்டுங்க. படிக்கிற புள்ளைக” என்றாள்.

“புவனேஸ்வரி, நீயே பாரு. வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”

அவள் கையுறை போட்டுக்கொண்டாள். என்ன பார்த்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த மரியாதையையாவது நாம் அழகிக்குக் கொடுத்தாக வேண்டும். புவனா இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னாள். எவ்வளவு இறங்கியிருக்கிறது, எங்கே புண்ணாகியிருக்கிறது, எல்லாம் வரிசையாக, தெளிவாக, வெளியே நின்ற பையன்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். அழகி துண்டால் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கிடந்தாள்.

“வெரி குட்” என்றார் மீனாக்ஷி.

அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டே புவனா கையுறையைக் கழற்றினாள். பெற்றவளின் உடம்பைப் பற்றி, பெற்றவள் என்று சொல்லாமல், பரீட்சைக்குப் பதில் சொல்வது போலச் சொல்லிவிட்டாள். இவ்வளவு கேவலமாகத் தன்னை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

திரையை விலக்கியதும் மீனாக்ஷி அழகியின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். புண் நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது. வியாழக்கிழமை ஆபரேஷன் செய்துவிடலாம். அதன் பிறகு தொந்தரவு இருக்காது.

“ஆனா கூட ஒரு ஆள் இருக்கணும்மா. ரத்தம் ஏற்பாடு பண்ணணும், கையெழுத்துப் போடணும், ரெண்டு மூணு நாள் பக்கத்துல இருந்து பாத்துக்கணும். உங்ககூட வந்தவங்க எங்க?”

“தங்கச்சிங்க. ஒரு வேலையா ஊருக்குப் போயிருக்கு. வந்துரும்.”

“சாயங்காலம் நான் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள ஆள் வரணும். இல்லைன்னா உங்க இடத்தை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் எப்ப இடம் கிடைக்குமோ, என்னால சொல்ல முடியாது.”

சொர்ணவல்லி போன வேலையையும் சொல்லிவிடுகிறேன். பூ விலை இறங்கிக் கிடந்ததால் பிச்சைக்குக் காட்டில் வேலை ஓய்ந்திருந்தது. காதுகுத்துக்கு நானும் ஒரு எட்டு வந்துட்டுப் போறேனே என்று அவர் போன் பண்ணிவிட்டார். இல்லாத காதுகுத்தைச் சமாளிக்க, சொர்ணவல்லி அடித்துப் பிடித்து ஆலங்குடியில் இருக்கிற தன் வீட்டுக்கு ஓடியிருந்தாள்.

மத்தியானம் மெஸ்ஸில் புவனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எதிரே உட்கார்ந்த ஜஸ்டின், “அந்தம்மா பாவம். பதினாறு வருஷம்!” என்றான். “மகளுக்குக்கூடச் சொல்றதில்லைன்னு உன் பேப்பர்ல எழுதியிருந்தியே, அந்த மகளுக ஏன் கேக்கலைன்னு யாரையாவது விசாரிச்சியா?”

அவன் ஆராய்ச்சியைப் பற்றித்தான் கேட்டான், வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது. புவனா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில், பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். கோட்டைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள்.

“வாங்க டாக்டரம்மா” என்றாள் அழகி. பக்கத்துக் கட்டில்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா...”

“இங்க எல்லாரும் எங்கள அம்மான்னுதான் கூப்புடுறாங்க. என்ன மரியாதை பாத்தியா!” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சிரித்துவிட்டு, மகளிடம் திரும்பினாள். “மொகம் வாடிக் கெடக்கே. சாப்புட்டீங்களா?”

பக்கத்துக் கட்டில்காரி பாத்ரூமுக்கு எழுந்து போகிறவரைக்கும் புவனா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“ஒனக்குப் பரீட்சை இருந்துச்சு.”

“பதினாறு வருஷமாவா பரீட்சை?”

“ஆமா. பத்தாவது, பன்னெண்டாவது, நீட்டு, அப்புறம் இங்கிட்டு வந்தும் ஓயாம பரீட்சை. எப்பதான் ஒனக்குப் பரீட்சை இல்ல?”

அழகி சாதாரணமாகத்தான் கேட்டாள். புவனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“காலையில நான் செஞ்சது...”

“நீ என்னத்த செஞ்ச? நான்தான தலையாட்டுனேன்.”

“அதுக்கு முன்னாடியே நான் ஒளிஞ்சுட்டேம்மா.”

“தெரியும். பாத்தேன்” என்றாள் அழகி. குரலில் கோபம் இல்லை. பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே பேசினாள். “ஒளிஞ்சது நல்லதுதான். அந்தப் பயலுக ஒங்கூடப் படிக்கிறவனுக. வெளிய நின்னு அம்புட்டையும் கேட்டானுக. நாளைக்கு ஒன்னயப் பாக்கையில அவனுகளுக்கு என் நெனப்பு வரப்புடாது. நீ யாருகிட்டயும் சொல்லிப்புடாத. சொன்னீன்னா நான் இங்க இருக்க மாட்டேன்.”

“அப்ப ஆபரேஷனுக்கு யாரும்மா இருக்கிறது?”

“சொர்ணவல்லி வந்துரும்.”

வராண்டாவுக்கு வந்து சின்னம்மாவுக்குப் போன் போட்டாள் புவனா. அங்கே சொர்ணவல்லி அழுதுகொண்டிருந்தாள்.

“ஒங்கப்பா வந்துட்டாரு புவனா. பந்தல் எங்க, பாத்திரம் எங்கன்னு கேக்குறாரு. எத்தனை பொய்தான் நான் சொல்றது? அக்கா ஆஸ்பத்திரியில கெடக்குன்னு சொல்லிப்புட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“ஒரு வார்த்தை பேசல. என்ன நோவுன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன். வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அங்க வாராரா, வீட்டுக்குப் போறாரா, ஒண்ணும் தெரியல. போனும் எடுக்க மாட்டேங்குறாரு. நான் இப்பக் கெளம்புனாலும் ஒங்க டாக்டரு வர்ற நேரத்துக்கு வந்து சேர முடியாது.”

மீனாக்ஷி சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அதுவரைக்கும் பிச்சை வந்து சேரவில்லை. பின்னால் அதே மாணவர்கள். புவனா கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்களோடு நின்றாள். சொன்னால் அம்மா இருக்க மாட்டாள். சொல்லாவிட்டால் ஆபரேஷன் இல்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் இந்த இக்கட்டே வந்திருக்காது.

“ஆள் வந்தாச்சாம்மா?”

“நாளைக்குக் காலையில வந்துருங்க டாக்டரு.”

“இன்னைக்கு வரணும்னுதானே சொன்னேன்? சிஸ்டர், வியாழக்கிழமைக்கு அடுத்த பேஷண்ட்டைத் தயார் பண்ணுங்க.”

“மேடம்” என்றாள் புவனா. “நான் இருக்கேன்.”

“நீ எதுக்கு? பேஷண்ட்டுக்கு சொந்தக்காரங்க வேணும்.”

“எங்கம்மா மேடம் இவங்க.”

மீனாக்ஷி கட்டிலைப் பார்த்தார். அழகி சிரிக்க முயற்சி பண்ணினாள்.

“இல்லைங்க டாக்டரு. இந்தப் புள்ள ஆருன்னே எனக்குத் தெரியாது. ஆள் இல்லாம கெடக்குறேன்னு பாவப்பட்டுச் சொல்லுது.”

“ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றீங்க?” என்றார் மீனாக்ஷி.

“ரெண்டு பேரும்தான் மேடம்” என்றாள் புவனா. “காலையில நான். இப்ப எங்கம்மா.” சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஜஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். மெஸ்ஸில் கேட்டது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவன் தோளைத் தொட்டு, பையன்களை எல்லாம் சத்தமில்லாமல் வெளியே அழைத்துக்கொண்டு போனான். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தான். ஆனால் ஒவ்வொருவனாகத் தரையைப் பார்த்துக்கொண்டு போவதை அழகி பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்ட பையன்கள் இப்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மீனாக்ஷி புவனாவிடம் என்னவோ கேட்க வாயெடுத்தார். காலையில் இவளைத் திரைக்குள் அனுப்பியதே தான்தான் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கேட்காமல் நர்ஸ் பக்கம் திரும்பினார். “இவங்க பேரு லிஸ்ட்டுல இருக்கட்டும். காலையில முடிவு பண்ணலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகாமல் வெளியே போய்விட்டார்.

அழகி கட்டிலை விட்டு இறங்கினாள். சுவரோரம் இருந்த கட்டைப்பையை எடுத்து, கம்பியில் காய்ந்த துண்டையும் சேலையையும் உருவி உள்ளே திணித்தாள்.

“அம்மா, நாளன்னிக்கு ஆபரேஷன்மா. நான்தான் சொல்லிட்டேன்ல? நான் கூட இருக்கேன்மா” என்று புவனா அவள் கையைப் பிடித்தாள்.

அழகி கையை உதறவில்லை. பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பதினாறு வருசம் மறைச்சேன் புவனா. வலிச்சுச்சு, பயந்தேன், அழுதேன். ஆனா வெக்கமா இருந்ததில்லடி, யாருக்கும் தெரியாதே. இப்பத்தான் இருக்கு” என்றாள். “கைய விடு. நான் பஸ்ஸுக்குப் போறேன்.”